பகவதிபுரம் ரயில் வரலாற்றை வைத்து ஒரு புதிர் ஜியோகேச்: எங்கே தொடங்குவது?

கேள்வி இது: "எங்க ஊர் பகவதிபுரம் ஸ்டேஷன் பக்கம். இப்போ திருப்பூரில் வேலை. ஊருக்கு வரும்போது, செங்கோட்டை – புனலூர் ரயில் பாதையின் கதையை வைத்து ஒரு புதிர் ஜியோகேச் வைக்க ஆசை. புதிரை எப்படி அமைப்பது, டப்பாவை எங்கே வைப்பது?"

தம்பி, இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன். செங்கோட்டைக்காரன் நான். மீட்டர் கேஜ் ஓடிய காலத்தில் இந்தப் பாதையில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. கடந்த சில வருடங்களாக ஜியோகேச்சும் தேடுகிறேன். அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அதன் ஜிபிஎஸ் ஆயங்களை, அதாவது அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, வெளியிடுவார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவார்கள். ஜிபிஎஸ்ஸின் துல்லியத்தைக் குறைத்து வைத்திருந்த ஏற்பாட்டை அமெரிக்க அரசு நீக்கிய மறுநாளே, 2000 மே 3 அன்று, ஓரிகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் வைத்த வாளிதான் முதல் டப்பா. புதிர் கேச்சில் ஆயங்களை நேராகக் கொடுக்க மாட்டார்கள். கேள்விகளை விடுவித்தால்தான் எண்கள் கிடைக்கும்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. சுடோகு, குறுக்கெழுத்து மாதிரி எங்கே வேண்டுமானாலும் வைக்கக்கூடிய புதிரைக் கொண்டுவந்து பகவதிபுரத்தில் ஒட்டாதீர்கள். புதிரை விடுவித்து முடிக்கும்போது, இந்தப் பாதை ஏன் இங்கே வந்தது, யாருக்காக வந்தது என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி அமைந்தால் அவர் டப்பாவைத் தேடி வரும்போதே பாதி ஊர்க்காரராக வருவார். உங்கள் ஊருக்கு அதற்குத் தேவையான சரக்கு தாராளமாக இருக்கிறது.

சரக்கு என்ன என்று பார்ப்போம். திருநெல்வேலியிலிருந்து ரயில் 1903-இல் செங்கோட்டை வரைக்கும் வந்துவிட்டது. மலையைத் தாண்டிக் கொல்லம் வரை முழுப் பாதையும் திறந்தது 1904 நவம்பர் 26. அன்றிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திருவிதாங்கூரின் தென்பகுதிக்கு வெளியுலகத்தோடு இருந்த ஒரே ரயில் தொடர்பு இதுதான். திருவனந்தபுரத்துக்கு 1918-இல் ரயில் போனதே கொல்லத்திலிருந்து நீட்டித்துத்தான். எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வழியாகக் கொல்லத்துக்குப் பாதை முழுமையானது 1958-இல். அதுவரை திருவனந்தபுரத்துக்காரர் ரயிலில் சென்னைக்குப் போக வேண்டுமென்றால் உங்கள் ஊர் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். இன்றைக்கு நாலைந்து வண்டி நிற்கிற ஒரு சின்ன ஸ்டேஷனைப் பார்க்கிறவருக்கு இது லேசில் தோன்றாது. புதிர் தோன்ற வைக்கலாம்.

அடுத்தது எல்லை. என்னைக் கேட்டால் உங்கள் புதிரின் நடுநாயகம் இதுதான். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கம் இருக்கிறதே, அதைப் பற்றி யாரைக் கேட்டாலும் "தமிழ்நாட்டில் நுழைந்து கேரளத்தில் வெளியே வரும்" என்பார்கள். இன்றைக்கு அது உண்மை. அந்தச் சுரங்கத்தைக் குடைந்தபோது மேலே எந்த ராஜ்ய எல்லையும் கிடையாது. செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. பிரிட்டிஷ் மாகாணத்தின் எல்லை கிழக்கே, தென்காசிப் பக்கம் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலச் சீரமைப்பில் செங்கோட்டை தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகுதான் எல்லை மலைமேல் ஏறியது. தண்டவாளம் போட்ட இடத்திலேயே கிடந்தது. அதன் தலைக்கு மேல் கோடு வந்து சேர்ந்தது. "1904-இல் இந்தச் சுரங்கம் எத்தனை அரசுகளின் மண்ணில் இருந்தது?" என்று ஒரு கேள்வி போடுங்கள். பத்தில் ஒன்பது பேர் 2 என்று எழுதித் தப்பான இடத்துக்குப் போவார்கள். விடை 1.

திருவிதாங்கூர்ச் சீமை என்றதும் அங்கே வழங்கிய பழைய ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு வந்துவிடும். உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள், ஆங்கில வருடத்தைவிடக் கொல்லம் வருடம்தான் முன்னால் நிற்கும். கோயில் கல்வெட்டு, கிணற்றுச் சுவர், கல்மண்டபம் எல்லாவற்றிலும் நம் பக்கத்தில் அந்தக் கணக்குதான். புதிர் போடுகிறவனுக்கு இது பெரிய வரம். ஆகஸ்ட் நடுவில் சிங்க மாதம் (நம் ஆவணி) ஒன்றாம் தேதி வருடம் மாறுவதால், அதற்கு முந்தைய மாதங்களுக்கு ஆங்கில ஆண்டிலிருந்து 825-ஐக் கழிக்க வேண்டும், பிந்தைய மாதங்களுக்கு 824-ஐ. 1904-இல் ஆடியில் நடந்தது 1079-இல் சேரும், நவம்பரில் நடந்தது 1080-இல் சேரும். கூகுளில் "கொல்லம் ஆண்டு மாற்றி" என்று தேடி அவசரத்தில் 825-ஐக் கழிக்கிறவர் மாட்டிக்கொள்வார். நிதானமாக மாதத்தைப் பார்க்கிறவர் தப்புவார். நல்ல புதிருக்கு இந்த மாதிரி ஒரு திருப்பம் போதும்.

இந்த இடத்தில் போடிப் பக்கத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மூணாறுக் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டியும், பிறகு 1908-இல் இரண்டடி அகலப் பாதையும் ஓடின. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவழியில் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 ஜூலையின் பெருவெள்ளம் அந்தப் பாதையை அழித்தது. கேரளத்தில் இன்றும் அதை "தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்" என்பார்கள். ஏன் தொண்ணூற்றொன்பது? கொல்லம் 1099. ஜூலை என்பதால் 825-ஐக் கழிக்க வேண்டும், சரியாக வருகிறது பாருங்கள். குரங்கணியில் யாராவது ஒரு கேச் வைத்தால் நான் மலையேறி வருவேன்.

இப்போது புதிரின் இயந்திரம். ஜியோகேச்சில் ஆயங்களை டிகிரி, நிமிடம், நிமிடத்தின் மூன்று தசமம் என்று எழுதுவது வழக்கம். செங்கோட்டை வட்டாரம் முழுக்கக் கிழக்கு 77 டிகிரி, அதை ஒளித்து வைப்பதில் பயனில்லை. முழு நிமிடத்தையும் வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். தசமத்துக்குப் பிறகு வரும் மூன்று இலக்கம் வடக்குக்கு, மூன்று கிழக்குக்கு. ஆக ஆறு இலக்கங்களே புதிர். ஆறு கேள்வி போதும். பன்னிரண்டு கேள்வி போட்டு ஆளைக் களைப்பாக்க வேண்டாம்.

எந்தக் கேள்வியை எந்த இலக்கத்துக்கு வைப்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதிதாக வைக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒரு நிமிடம் என்பது தரையில் ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். முதல் தசமத்தில் ஒன்று பிசகினால் 185 மீட்டர் தள்ளிப் போவார். இரண்டாவதில் 18 மீட்டர். மூன்றாவதில் இரண்டு மீட்டர்கூட இல்லை. அதனால் சந்தேகத்துக்கே இடமில்லாத, எல்லாப் பதிவிலும் ஒரே மாதிரி இருக்கும் விவரத்தை முதல் தசமத்துக்கு வையுங்கள். ஏமாற்று வளைவுள்ள கேள்விகளைக் கடைசி இலக்கத்துக்குத் தள்ளுங்கள். உங்கள் ஊரில் இது வெறும் வசதிக்காகச் சொல்வதில்லை. 185 மீட்டர் பிசகினால் ஆள் தண்டவாளத்தில் நிற்பார், இன்னும் கொஞ்சம் பிசகினால் காட்டுக்குள் நிற்பார். அந்தப் பக்கம் யானை நடமாட்டம் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாதிரிக்குச் சில கேள்விகள் போட்டுக் காட்டுகிறேன். அகலப் பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ் 1000. "2010 செப்டம்பரில் வண்டியை நிறுத்தி, 2018 ஜூனில் முழுப் பாதையையும் மறுபடி திறந்தார்களே, அதற்குள் தண்டவாளங்கள் எத்தனை மில்லிமீட்டர் விலகின?" என்று கேட்டால் 676. அதன் நடு இலக்கம் 7. இது அசையாத எண், முதல் தசமத்துக்கு ஏற்றது. கழுதுருட்டிப் பக்கம் கொல்லம் ரோட்டிலிருந்தே தெரிகிற கல்பாலத்துக்கு எத்தனை கண்? 13. கடைசி இலக்கம் 3. பாதை திறந்த நாளின் கொல்லம் ஆண்டு 1080, அதில் மூன்றாம் இலக்கம் 8. செங்கோட்டை கை மாறிய நாளின் கொல்லம் ஆண்டு 1132, கடைசி இலக்கம் 2. இந்த வழியாக மட்டுமே ரயில் இருந்த காலம், 1904-லிருந்து 1958 வரை, 54 வருடம், அதில் 4.

எஞ்சின் பெயரிலும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. மீட்டர் கேஜ் டீசல் எஞ்சினின் நெற்றியில் ஒய்.டி.எம்-4 என்று எழுதியிருக்கும். ஒய் என்றால் மீட்டர் கேஜ், டி என்றால் டீசல், எம் என்றால் சரக்கு, பயணிகள் இரண்டுக்கும் பொது. இன்றைய அகலப் பாதை எஞ்சின்களில் அந்த முதல் எழுத்து டபிள்யூ ஆகிவிட்டது. ஒரு பழைய எஞ்சின் படத்தைப் போட்டு "இந்த எழுத்து ஏன் இப்போது இல்லை?" என்று மட்டும் கேட்டாலே ஒரு தலைமுறையின் கதை வந்துவிடும். இப்போதும் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவில் ஏற்றத்துக்காக வண்டியின் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டித் தள்ளுகிறார்கள். அதையும் விடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் எண்ணிச் சொல்லும் கேள்வியாக வைக்கலாம்.

ஆறாவது இலக்கம் இணையத்தில் எங்கேயும் இருக்கக் கூடாது. அதற்கு ஊருக்கு வந்தே ஆக வேண்டும். ரயில்வேக்குச் சொந்தமில்லாத ஏதாவது ஒரு கல்லில் வெட்டிய எண்ணைத் தேடிப் பிடியுங்கள். பெயிண்டில் எழுதியதை நம்பாதீர்கள். நான் முதன்முதலில் வைத்த கேச்சில் ஒரு ஸ்டேஷன் பெயர்ப்பலகையின் அடியில் எழுதியிருக்கும் கடல்மட்ட உயரத்தை விடையாக வைத்தேன். நாலு மாதத்தில் பலகையை மாற்றிவிட்டார்கள். புதுப் பலகையில் தசமம் வேறு. மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் இரண்டு மணி நேரம் தேடிவிட்டுத் திரும்பிப் போனார். அதை இன்றும் நினைத்தால் மனசு கேட்காது. கல்லில் வெட்டிய கொல்லம் ஆண்டு யாராலும் மாறாது. அது தமிழ் எண்களில் இருந்தால் இன்னும் அழகு. ௧, ௨, ௩ எழுதத் தெரிந்த பாட்டி யாராவது தெருவில் இருப்பார், தேடி வருகிறவர் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆறையும் கூட்டினால் வரும் தொகையைப் பக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். கணக்குச் சரியா என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டு கிளம்புவார்கள். இது மரியாதை மட்டுமில்லை, முன்னே சொன்ன தண்டவாள ஆபத்துக்கும் ஒரு வேலி.

இன்னொரு யோசனை, எனக்கு மிகவும் பிடித்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வராமல் இருக்க அந்தக் காலத்தில் டோக்கன் முறை இருந்தது உங்கள் தாத்தாவுக்குத் தெரியும். பிரம்பு வளையம் ஒன்று, அதன் அடியில் ஒரு தோல் பை, பைக்குள் ஓர் இரும்புக் குண்டு. குண்டின் மேல் இரண்டு ஸ்டேஷனின் பெயர் பொறித்திருக்கும். அந்தக் குண்டு கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு நகரக் கூடாது. இரண்டு ஸ்டேஷனிலும் இருக்கும் கருவிகள் மின்கம்பியால் பிணைந்தவை. ஒரு குண்டு வெளியே எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு முனையில் திரும்பப் போடப்படும் வரை இன்னொன்று வெளியே வராது. சின்ன வயதில் பிளாட்பாரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நிற்காமல் போகிற வண்டிக்கு வளையத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் நிற்பார். எஞ்சினிலிருந்து நீளும் கை முழங்கை வரை அதற்குள் நுழைந்து வளையத்தைக் கொண்டுபோகும். அதே நொடியில் பழைய வளையம் பிளாட்பார மண்ணில் விழுந்து உருண்டு வரும்.

உங்கள் கேச்சை இரண்டு கட்டமாக வைத்தால் இந்த முறையையே புதிராக்கலாம். முதல் டப்பாவில் ஒரு மரக் குண்டு, அதில் ஓர் எண். அந்த எண்தான் இரண்டாவது டப்பாவின் எண்பூட்டுக்குச் சாவி. பூட்டைத் திறந்தவர் திரும்பும் வழியில் குண்டை முதல் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதுவரை அடுத்தவருக்கு வழி இல்லை. ஒரு குண்டு, ஒரு வண்டி. யாராவது மறந்து பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால் கேச் முடங்கும் என்பது உண்மைதான். அதனால் மாற்றுக் குண்டு ஒன்று ஊரில் உங்கள் ஆளிடம் இருக்கட்டும். மற்ற கேச்சுகளின் டப்பாக்களிலிருந்து உங்கள் டப்பாக்கள் குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி.

இடம் பற்றி. ரயில்வே நிலம் வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாமல் தண்டவாளப் பகுதியில் நுழைவது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுரங்க வாய், பாலத்து விளிம்பு என்று ஆசை காட்டும் இடங்கள் எல்லாமே இதில் அடங்கும். படத்தில் காட்டுங்கள், ஆளை அங்கே அனுப்பாதீர்கள். காப்புக்காடும் அப்படியே. ரயில் சத்தம் கேட்கிற, தண்டவாளம் தூரத்தில் தெரிகிற ஒரு இடம் போதும். ஊர் நூலகம், சொந்தக்காரர் வீட்டு மதில், அவர்கள் சம்மதத்தோடு ஒரு தோப்பு வேலி. டீக்கடையில் வைக்கத் தோன்றும். கடைக்குள் நுழைய வேண்டும், ஏதாவது வாங்க வேண்டும் என்ற நிலை வந்தால், கேச்சை வெளியிடும் முன் பார்க்கும் ஜியோகேச் தளத்தின் சரிபார்ப்பவர்கள் அதை ஏற்க மாட்டார்கள். கடைக்காரரிடம் தகவல் மட்டும் சொல்லி வையுங்கள்.

புதிர் கேச்சில் உண்மையான இடத்தை மறைத்து வரைபடத்தில் காட்டுகிற பொய்ப் புள்ளி, அந்த இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆகவே செங்கோட்டை ஸ்டேஷனைப் புள்ளியாகக் காட்ட முடியாது, தூரம் அதிகம். பகவதிபுரம் ஸ்டேஷனுக்குப் போகிற சாலை முனையைக் காட்டுங்கள்.

புளியரையில் செக்போஸ்ட் இருப்பதை மறந்துவிடாதீர்கள். எல்லை ஊரில், ரயில் பக்கத்தில், பெயர் எழுதாத ஒரு டப்பாவைக் கண்டால் போலீஸ் என்ன நினைக்கும்? உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். மேலே தமிழிலும் மலையாளத்திலும் "இது விளையாட்டுக்காக வைத்தது, உள்ளே நோட்டும் பென்சிலும் மட்டும்" என்று எழுதி, ஊர் ஆள் ஒருவரின் போன் நம்பரை ஒட்டுங்கள். மலையாளம் அவசியம். இந்தப் பாதையின் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் ஓடுகிறது, தென்மலையிலிருந்தும் புனலூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

பேனா வைக்காதீர்கள். ஆனியில் சாரல் தொடங்கினால் ஆவணி வரை நம் பக்கம் காகிதம் காயாது. மை கரைந்து பெயரெல்லாம் நீலக் கறையாகிவிடும். பென்சில் எழுத்து நனைந்தாலும் நிற்கும். ரப்பர் வளையமுள்ள, நாலு பக்கமும் பூட்டுகிற மூடி வாங்குங்கள். சாப்பிடும் பொருள் எதுவும் உள்ளே கூடாது, குரங்கு ஒரே நாளில் பிரித்துவிடும். உள்ளே நினைவுப் பொருளாக, பழைய கெட்டி அட்டை டிக்கெட் அளவில், ஐம்பத்தேழுக்கு முப்பது மில்லிமீட்டர், அட்டை வெட்டி "பகவதிபுரம் – ஆரியங்காவு" என்று அச்சடித்து வரிசை எண் போட்டு வைத்தால், கண்டுபிடித்தவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போகட்டும்.

நீங்கள் திருப்பூரில் இருக்கிறீர்கள். டப்பா நனைந்தால், காணாமல் போனால் சில நாட்களில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். வெளியூரில் இருப்பவர் வைக்கும் கேச்சை, உள்ளூரில் பராமரிக்க ஒருவர் இருந்தால்தான் சரிபார்ப்பவர்கள் அனுமதிப்பார்கள். சித்தப்பா, மாமா, பள்ளிக்கூடத்து நண்பன் என்று ஒருவரை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். சிரமத்துக்கான மதிப்பு ஒன்றிலிருந்து ஐந்து வரை போடச் சொல்வார்கள். இந்தப் புதிருக்கு மூன்று அல்லது மூன்றரை போடலாம், நடைக்கு ஒன்றரை போதும்.

கடைசியாக ஒன்று. மேலே நான் போட்ட ஐந்து கேள்விகளையும் அப்படியே வைக்காதீர்கள், விடையோடு இங்கே எல்லாரும் படித்துவிட்டார்கள். அதே சரக்கிலிருந்து வேறு இலக்கத்தை எடுங்கள். நவம்பர் 26 அன்று வெளியிட முடிந்தால் நல்லது. அன்றைக்குக் காலையில் முதல் ஆளாகப் பெயரெழுத நான் செங்கோட்டையிலிருந்து ரயிலில் வருவேன். அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று மட்டும் எனக்குச் சொல்லிவிடாதீர்கள்.